பெயர் கேட்காத பிணம்

செத்தவனுடைய முழுப்பெயர் கடைசிவரை காதில் விழாத ஒரு கொலைப்படத்தை எத்தனை பேர் பொறுமையாக உட்கார்ந்து பார்ப்பார்கள்? ழான்-லுக் கோதாரின் 'மேட் இன் யு.எஸ்.ஏ.' அப்படிப்பட்ட படம். பௌலா நெல்சன் என்ற பெண் தன் காதலன் ரிச்சர்டைத் தேடி ஒரு ஊருக்கு வருகிறாள். வந்தால் அவன் ஏற்கெனவே செத்துப்போயிருக்கிறான். யார் கொன்றது, ஏன் கொன்றது என்று விசாரிக்கத் தொடங்குகிறாள். யாராவது அவன் குடும்பப்பெயரைச் சொல்ல வாயெடுத்தால் போதும், தலைக்கு மேல் ஜெட் விமானம் போகும். தொலைபேசி அலறும். தெருவில் கார் ஹாரன் அடிக்கும். 'பொ...' என்று தொடங்குவது கேட்கும், மீதியைச் சத்தம் தின்றுவிடும். ஒருமுறை நடந்தால் சிரிக்கலாம். படம் முழுக்க நடந்தால் சிலர் எழுந்து போவார்கள். எங்கள் குழுவில் இரண்டு பேர் போனார்கள்.

குழு என்று பெரிதாக ஒன்றுமில்லை. நியூ ஜெர்சியில் எடிசன் சுற்றுவட்டாரத்தில் மாதம் ஒருமுறை கூடிப் படம் பார்க்கும் பத்துப் பதினைந்து பேர். ஊரில் ராஜேஷ்குமாரையும் பட்டுக்கோட்டை பிரபாகரையும் பேருந்து நிலையக் கடைகளில் வாங்கிப் படித்துவிட்டு இங்கே வந்தவர்கள் பாதி. இங்கேயே பிறந்து, தமிழில் பேசவும் ஓரளவு படிக்கவும் தெரிந்த பிள்ளைகள் கால்வாசி. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு, லண்டன் என்று சுற்றி வந்தவர்கள் சிலர். துப்பறியும் நாவலைத் தழுவிய பிரெஞ்சுப் படம் என்று அறிவித்ததும் எல்லாரும் ஆவலாக வந்தார்கள். படம் முடிந்தபோது அறை இரண்டாகப் பிளந்திருந்தது. 1967 இல் நியூ யார்க் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட காலத்திலிருந்து இந்தப் படத்துக்கு நடப்பது இதுதான். ஆணவத்தின் உச்சம் என்பவர்கள் ஒரு பக்கம், கோதாரின் அறுபதுகளில் இதுதான் திருப்புமுனை என்பவர்கள் மறுபக்கம். நடுவில் நிற்க இடமில்லாத படம். நான் நடுவில்தான் நிற்கிறேன், அது எவ்வளவு சங்கடமான இடம் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மூலக்கதை. அமெரிக்க எழுத்தாளர் டொனால்ட் வெஸ்ட்லேக், ரிச்சர்ட் ஸ்டார்க் என்ற புனைபெயரில் பார்க்கர் என்ற திருடனை வைத்து ஒரு நாவல் வரிசை எழுதினார். பார்க்கர் தொழில்முறைக் கொள்ளைக்காரன். உணர்ச்சிவசப்படாதவன், நகைச்சுவை அறியாதவன், நன்றி விசுவாசம் என்றெல்லாம் பேசினால் வாட்சைப் பார்ப்பவன். (வரிசையின் பிற்பகுதி நாவல்களில் அவன் குடியிருப்பது நம் நியூ ஜெர்சியின் வடமேற்கில் ஒரு ஏரிக்கரை வீட்டில். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் என்ன வேலை என்று சொல்லியிருப்பான்?) 1965 இல் வந்த 'தி ஜக்கர்' அந்த வரிசையில் ஆறாவது. ஜக்கர் என்றால் திருடர் பேச்சில் இரும்புப் பெட்டகம் உடைப்பவன். ஓய்வு பெற்ற ஒரு கிழட்டுப் பெட்டக உடைப்பாளி, நெப்ராஸ்காவின் ஒரு சிற்றூரிலிருந்து பார்க்கருக்குப் பதற்றமாகக் கடிதம் எழுதுகிறான். பார்க்கர் போய்ச் சேரும்போது கிழவன் இறந்துவிட்டான். உள்ளூர்ப் போலீஸ்காரன் ஒருவன் கிழவனிடம் பெரிய புதையல் இருந்ததாக நம்பி மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான் முடிச்சு. பின்னாளில் வெஸ்ட்லேக்குக்கே இந்த நாவலில் திருப்தி இல்லை. யாருக்கும் உதவிக்கு ஓடுகிற ஆளில்லை பார்க்கர், அவனை ஓட வைத்ததில் கதை கெட்டது என்பது அவர் கருத்து.

கோதார் இதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: தெரியாத ஊருக்குத் தேடி வந்தவருக்கு, தேடப்பட்டவரின் சாவு காத்திருக்கிறது. மற்றதையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டார். பார்க்கர் இல்லை, அவன் இடத்தில் அன்னா கரீனா. ஹம்ஃப்ரி போகார்ட் நடித்த 'தி பிக் ஸ்லீப்' மாதிரி ஒரு படத்தில் போகார்ட்டின் இடத்தில் ஒரு பெண்ணை நிறுத்திப் பார்க்கும் ஆசை அவருக்கு. நெப்ராஸ்காவும் இல்லை. ஊரின் பெயர் அட்லாண்டிக் சித்தே.

அங்கேதான் எங்கள் அறையில் முதல் சிரிப்பு எழுந்தது. நியூ ஜெர்சிக்காரர்களுக்கு அட்லாண்டிக் சிட்டி என்றால் கார்டன் ஸ்டேட் பார்க்வேயில் தெற்கே இரண்டு மணி நேரம். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவைக் கூட்டிப்போய்க் கடற்கரை மரப்பலகை நடைபாதையில் நிறுத்திப் படமெடுத்து, சூதாட்ட விடுதிக்குள் நுழைந்து, இருபது டாலர் தொலைத்துவிட்டுத் திரும்புகிற ஊர். திரையில் தெரிவதோ சந்தேகமே இல்லாமல் பிரான்ஸ். எல்லாரும் பிரெஞ்சு பேசுகிறார்கள். ஒப்புக்குக்கூட ஒரு அமெரிக்கக் கொடியை நட்டு ஏமாற்றும் முயற்சி கிடையாது. பக்கத்தில் இருந்தவர் சொன்னார்: "நம்மூர் படத்தில் பொள்ளாச்சியைக் காட்டி மதுரை என்பார்களே, அந்த மாதிரி."

அந்த மாதிரி இல்லை என்பது என் வாதம். சுஜாதாவின் 'ப்ரியா'வை எடுத்துக்கொள்வோம். நாவலில் வக்கீல் கணேஷ் நடிகை ப்ரியாவின் பின்னால் லண்டனுக்குப் போகிறான். 1978 இல் எஸ்.பி. முத்துராமன் இயக்கத்தில் படமானபோது லண்டன் சிங்கப்பூர் ஆனது, கணேஷ் ரஜினிகாந்த் ஆனான், கடல்கடந்த ஊரின் அழகைப் பாடவும் செய்தான். கணேஷை அறிந்த வாசகர்கள் பல்லைக் கடித்தார்கள். ஆனால் அங்கே ஊர் மாறியதற்குக் காரணம் வேடிக்கை காட்டுவது. சிங்கப்பூரைப் பார், என்ன சுத்தம், என்ன கட்டடம் என்று படம் நம் தோளைத் தட்டிக்கொண்டே இருக்கும். கோதார் வேடிக்கை காட்டவில்லை. பிரான்ஸையே காட்டிவிட்டு, இதன் பெயர் இனி அட்லாண்டிக் சிட்டி என்கிறார். இந்த நாட்டின் சினிமாவையும் துப்பாக்கியையும் காமிக்ஸையும் விளம்பர வண்ணத்தையும் உட்கொண்டு உட்கொண்டு, நாங்களே இப்படி ஆகிவிட்டோம் என்கிற குற்றச்சாட்டு அது. படத்தின் தலைப்பைப் பொருளின் அடியில் ஒட்டிய சீட்டாக வாசிக்க வேண்டும். இந்தக் கொலை எந்த நாட்டில் செய்யப்பட்டது?

குற்றம் சாட்டும் அதே மூச்சில் காதல் கடிதமும் எழுதுகிறார் என்பதுதான் வேடிக்கை. படத்தை அமெரிக்க இயக்குநர்கள் நிகலஸ் ரேக்கும் சாமுவேல் ஃபுல்லருக்கும் சமர்ப்பிக்கிறார். பாத்திரங்களின் பெயர்களோ ரிச்சர்ட் விட்மார்க், டொனால்ட் சீகல், டேவிட் குடிஸ், இன்ஸ்பெக்டர் ஆல்ட்ரிச். எல்லாம் ஹாலிவுட் நடிகர்கள், இயக்குநர்கள், மர்மக்கதை எழுத்தாளர்கள். அடியாள் இரண்டு பேர் பெயர் ரிச்சர்ட் நிக்ஸன், ராபர்ட் மக்னமாரா. 1966 இல் மக்னமாரா வியட்நாம் போரை நடத்திக்கொண்டிருந்த பாதுகாப்புச் செயலர். நிக்ஸன் அப்போது தேர்தல்களில் தோற்று வீட்டில் இருந்தவர். பின்னால் என்ன ஆனார் என்று தெரிந்த நமக்கு அந்தப் பெயர் இரண்டு மடங்கு உறுத்துகிறது.

படம் அவசரத்தில் பிறந்தது. தயாரிப்பாளர் ழார்ழ் து பொர்கார் எடுத்த 'கன்னியாஸ்திரீ' படத்தை 1966 இல் பிரெஞ்சு அரசு தடைசெய்தது. திதெரோ எழுதிய நாவல், ழாக் ரிவெத் இயக்கம், அதிலும் கரீனாதான் நாயகி. பணம் முடங்கிப்போன நண்பரைக் காப்பாற்ற, சீக்கிரமாக ஒரு படம் எடுத்துத் தருகிறேன் என்றார் கோதார். அதே கோடையில் இன்னொரு படத்தையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எடுத்தார். இந்த அவசரம் திரையில் தெரிகிறது. சில காட்சிகள் எழுதப்படாமலே நடிக்கப்பட்டவை போல இருக்கின்றன. பௌலா கேட்கும் ஒலிநாடாவில் செத்தவன் அரசியல் கட்டுரை வாசிக்கிறான். குரல் கோதாருடையது. கரகரவென்று, மூச்சு விடாமல், நிமிடக்கணக்கில். இதற்கு ஆயிரம் விளக்கம் சொல்லலாம், எழுதியும் இருக்கிறார்கள். எனக்கு அது வெறும் தண்டனை. கத்திரியை என் கையில் கொடுத்தால் முதலில் அதைத்தான் வெட்டுவேன்.

ஆனால் மதுக்கடைக் காட்சியை ஒரு நொடிகூடத் தொடமாட்டேன். ஒரு தொழிலாளி, கடைக்காரன், பௌலா. வார்த்தைகளை இடம் மாற்றிப் போட்டு, இலக்கணம் சரியாகவும் அர்த்தம் பூஜ்யமாகவும் உள்ள வாக்கியங்களைத் தொழிலாளி அடுக்கிக்கொண்டே போகிறான். அதற்கிடையில் ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கும் மாரியான் ஃபெய்த்ஃபுல், பக்கவாத்தியம் இல்லாமல் தன் பிரபலமான பாட்டைப் பாடுகிறார். அவர் யார், ஏன் இங்கே என்ற விளக்கம் கிடையாது. பாட்டு முடிந்ததும் படம் தன் வழியில் போகிறது. தமிழ்ப்படப் பாடலுக்குப் பழகிய எங்களுக்கு இது ஒன்றும் அதிர்ச்சியாக இல்லை என்பது தனி விஷயம். ரவுல் குத்தாரின் ஒளிப்பதிவும் அப்படித்தான். நீலக் கதவுக்கு முன் சிவப்பு, மஞ்சள் சுவருக்கு முன் கரீனாவின் கட்டம் போட்ட உடை. கறுப்பு வெள்ளையில் நிழலாக நடக்க வேண்டிய கொலைக்கதை பலசரக்குக் கடையின் பிஸ்கட் தட்டு மாதிரி பளபளக்கிறது.

இனி அந்தப் பெயர் விவகாரம். படத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

1965 அக்டோபர் 29 அன்று, மொராக்கோவின் எதிர்க்கட்சித் தலைவர் மெஹ்தி பென் பர்காவை பாரிஸில் பட்டப்பகலில், புகழ்பெற்ற ஒரு உணவகத்தின் வாசலில் பிரெஞ்சுப் போலீஸ்காரர்களே காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவரை வெளியுலகில் யாரும் பார்க்கவில்லை. உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. அவரை அந்த வாசலுக்கு வரவழைக்கப் போடப்பட்ட தூண்டில் என்ன தெரியுமா? ஒரு சினிமா. காலனிய விடுதலை பற்றிய ஆவணப்படம் எடுக்கிறோம், இயக்குநர் ழார்ழ் ஃப்ரான்ழு, பேச வாருங்கள் என்று அழைத்திருந்தார்கள். ஃப்ரான்ழுவுக்குச் சதி தெரியாது. சதியில் சம்பந்தப்பட்டு, பிறகு பத்திரிகைகளிடம் வாய் திறந்த ஃபிகோன் என்பவன் 1966 ஜனவரியில் பிணமாகக் கிடந்தான். தற்கொலை என்றது போலீஸ். கோதார் படம் எடுத்தது அதே வருடம் கோடையில். பிரான்ஸில் யாரும் முழுதாக உச்சரிக்கத் துணியாத ஒரு கொலை, சினிமாவின் பெயராலேயே நடந்த ஒரு கடத்தல். அதைப்பற்றி நேரான துப்பறியும் கதை எடுத்து, கடைசிக் காட்சியில் விளக்கைப் போட்டு, குற்றவாளி இவன்தான் என்று விரல் நீட்டினால் அது பொய்யாகியிருக்கும். பென் பர்கா விஷயத்தில் யாரும் அப்படி விளக்கைப் போடவில்லை.

பெயர் வரும்போதெல்லாம் வரும் இரைச்சலை இப்படித்தான் நான் கேட்கிறேன். அது தற்செயலான தெருச் சத்தம் மாதிரி வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். யாரும் வாயைப் பொத்துவதில்லை. தணிக்கைக்காரன் கருப்பு மை பூசுவதில்லை. விமானம் தன் வேலையாகப் போகிறது, தொலைபேசி தன் வேலையாக அடிக்கிறது. ஒரு நாடு ஒருவனை மறப்பது இப்படித்தான், நாள்தோறும் நடக்கிற சந்தடியிலேயே.

விவாதத்தில் இங்கே பிறந்து வளர்ந்த ஓர் இளைஞர் இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். பள்ளியில் வருகைப்பதிவு எடுக்கும்போது தன் பெயர் வந்ததும் ஆசிரியர் நிறுத்துவார், ஒரு மூச்சு வாங்குவார், அதற்குள் வகுப்பு சிரித்துவிடும். ரிச்சர்டின் பெயர் தனக்குத் தன் பெயர் போலவே கேட்டது என்றார். கைதட்டல் எழுந்தது. நம் புலம்பெயர் இலக்கியத்தில் இந்தப் பெயர்க் கதைக்கு எப்போதும் கைதட்டல் உண்டு. நான் தட்டவில்லை. பெயரைத் தப்பாகச் சொல்வது அவமானம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தப்பாகச் சொல்லவாவது ஆசிரியர் அந்தப் பெயரைப் பார்த்து நின்றார். படத்தில் நடப்பது அதுவல்ல. அங்கே ஒருவனைக் கொன்றவர்களும் கொன்றவர்களைத் தேடுகிறவளும் அவன் பெயரைச் சரியாகத்தான் சொல்கிறார்கள். கேட்க வேண்டிய நமக்குத்தான் வந்து சேரவில்லை.

அப்போது அதுவரை பேசாமல் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா சொன்னார்: "பேர் கேக்காட்டி என்ன தம்பி, அவள் தேடுறாள்தானே. அதுதான் படம்." அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பிப்ரவரியில் தெருவோரத்தில் உட்காரத் தொடங்கியதும், கார்ட்டூனிஸ்ட் பிரகீத் எக்னலிகொட 2010 ஜனவரியில் காணாமல் போனதிலிருந்து அவர் மனைவி சந்தியா நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்குவதும் அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். பிளாஸ்டிக் உறையிட்ட புகைப்படத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நிற்கும் அம்மாக்களிடம் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, எந்தச் சோதனைச்சாவடியில் கையளித்தோம் என்ற இடம்கூட இருக்கிறது. விமானச் சத்தம் மறுபக்கத்தில்தான்.

கரீனாவின் பௌலா அந்த அம்மாக்களைப் போல இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவள் அழுவதில்லை. துப்பாக்கி வைத்திருக்கிறாள், சுடுகிறாள், கடைசியில் தனக்கு உதவிய எழுத்தாளனையே சுடுகிறாள். அவனுக்கு விஷயம் முழுதும் தெரிந்துவிட்டது, அவன் அதை நாவலாக்கிவிடுவான் என்பதால். உண்மையைத் தேடி வந்தவள் உண்மை அச்சேறாமல் தடுக்கிறாள். கதைப்படி இது முரண், அரசியல்படி துரோகம், எங்கள் குழுவில் மிக நீண்ட சண்டை இதைப்பற்றித்தான். கரீனாவின் முகம் அந்த நேரத்தில் மிக அருகில் இருக்கிறது. அவரும் கோதாரும் அப்போது மணவிலக்குப் பெற்றவர்கள், சேர்ந்து செய்த கடைசி முழுநீளப் படம் இது. ஆனால் கிசுகிசுவை வைத்துப் படத்தைப் படிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. முகம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், களைப்பு. பழி வாங்கியவளின் நிறைவு அதில் இல்லை.

நம்மிடமும் ஒரு படம் இருக்கிறது, அரசியலும் கொலையும் சேர்ந்தது. 1954 இல் எஸ். பாலசந்தர் இயக்கி ஏ.வி.எம். எடுத்த 'அந்த நாள்'. 1943 இல் சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த சமயத்தில் வானொலிப் பொறியாளர் ஒருவர் சுடப்பட்டுச் சாகிறார். சுட்டது யார் என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒரு பாட்டுகூட இல்லாத படம், அதற்காகவே அன்றைக்கு முகம் சுளித்தவர்கள் உண்டு. அதில் கடைசியில் விடை கிடைக்கிறது. தேசத்துரோகி யார், நியாயம் எது என்பதில் சந்தேகம் மிஞ்சுவதில்லை. விடுதலை கிடைத்து ஏழு வருடமே ஆன நாட்டில் அந்தத் தெளிவு சாத்தியமாக இருந்தது. அதை ஏளனமாகச் சொல்லவில்லை. 'அந்த நாள்' கோதார் படத்தைவிட நேர்த்தியாகக் கட்டப்பட்டது. ஆனால் விடை கிடைத்த பிறகு நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறோம்.

கோதாருக்காக இவ்வளவு வாதாடிய பிறகு, அவருக்கு எதிராக ஒரு வழக்கு பாக்கியிருக்கிறது. உண்மையான வழக்கு. நாவலின் உரிமைக்குப் பேசிய பணம் வெஸ்ட்லேக்குக்கு முழுதாக வந்து சேரவில்லை. அவர் நீதிமன்றம் போனார். அதன் விளைவாக, தலைப்பிலேயே அமெரிக்காவை வைத்திருந்த படம் நாற்பது வருடங்களுக்கு மேல் அமெரிக்கத் திரையரங்குகளில் முறையாக வெளியாகவில்லை. 2008 டிசம்பர் 31 அன்று வெஸ்ட்லேக் இறந்தார். அடுத்த மாதமே, 2009 ஜனவரியில், நியூ யார்க்கின் ஃபிலிம் ஃபோரம் அரங்கில் படம் வெளியானது. நான் முதலில் பார்த்தது அப்போதுதான், பாத் ரயிலில் கிறிஸ்டோஃபர் தெருவில் இறங்கி, குளிரில் நடந்து போய்.

சினிமா ரசிகர்கள் பலரும் இதை ஒரு வேடிக்கைத் தகவலாகச் சொல்லிச் சிரிப்பார்கள்: பாவம் கோதார், ஒரு மலிவு நாவல்காரன் மகத்தான கலையை முடக்கிவிட்டானே என்ற தொனியில். தமிழ் வாசகர்கள் அந்தச் சிரிப்பில் சேரக்கூடாது. நம் துப்பறியும் இலக்கியத்தின் அஸ்திவாரமே தழுவல். ஆரணி குப்புசாமி முதலியார் ரெய்னால்ட்ஸின் ஆங்கில நாவல்களைத் தமிழாக்கித் தள்ளிய காலத்திலிருந்து, மேல்நாட்டுக் கதையில் வேட்டி கட்டிவிட்டு நம் சரக்காக விற்பது நமக்குக் கைவந்த கலை. எதிர்த்திசையிலும் அப்படித்தான். ராத்திரி பகலாக எழுதி மாதம் ஒரு நாவல் கொடுத்தவர்களின் முடிச்சுகள் எத்தனை திரைப்படங்களில், எத்தனை தொடர்களில் பெயர் போடாமல் வந்தன என்று அந்த எழுத்தாளர்களின் வாசகர்களைக் கேட்டால் பட்டியல் சொல்வார்கள். மூலத்திலிருந்து ஒரே ஒரு முடிச்சைத்தான் எடுத்தேன், மீதியெல்லாம் என்னுடையது என்று கோதார் சொல்லலாம். அந்த ஒரு முடிச்சுக்கு விலை பேசப்பட்டிருந்தது. பெயர் அழிக்கப்பட்டவனைப் பற்றிய படம், கதை எழுதியவனுக்குப் பணம் போகாமல் முடிந்த படம் என்ற உறுத்தலை எந்தக் கோட்பாட்டாலும் என்னால் துடைக்க முடியவில்லை. குற்றம் இயக்குநருடையதா, தயாரிப்பாளருடையதா என்பதைச் சட்டம் பிரித்துப் பார்க்கும். பார்வையாளன் அந்த அளவு நுணுக்கமாக இருக்கத் தேவையில்லை.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு: கிரைட்டீரியன் வட்டாக வெளியிட்டிருக்கிறது. ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவுதான், வசனம் வேகமாக ஓடும். 'தி ஜக்கர்' நாவலை சிகாகோ பல்கலைக்கழக அச்சகம் மறுபதிப்பாகக் கொண்டுவந்திருக்கிறது, நம்மூர் நூலகங்களில் கேட்டால் தருவித்துக் கொடுப்பார்கள். நாவலை முதலில் படித்துவிட்டுப் படத்துக்குப் போகாதீர்கள், நெப்ராஸ்காவைத் தேடிக்கொண்டே இருப்பீர்கள். படத்தைப் பார்த்துவிட்டு நாவலுக்கு வந்தால் வேறொன்று நடக்கும். செத்துப்போன அந்தக் கிழவனின் பெயர் ஜோ ஷீர். முதல் பக்கங்களிலேயே வரும், தெளிவாக, எந்தச் சத்தமும் குறுக்கிடாமல்.